மருந்து முறிய ஏழு நாள்

ஓமலூருக்கு மேற்கே நாலைந்து ஊர்களில் எந்தக் கத்திரிக்காட்டில் புழு விழுந்தாலும் முதலில் தேடுவது சடையனைத்தான். வேளாண்மை அலுவலகம் என்று ஒன்று இருக்கிறது, படித்த அதிகாரிகள் இருக்கிறார்கள், எல்லாம் சரி. ஆனால் இலையைத் திருப்பிப் பார்த்த கையோடு, "இதுக்கு இன்ன மருந்துங்க, டேங்குக்கு மூணு மூடிங்க, அடிச்சா ஒம்பது நாளைக்குக் காயில கை வெக்காதீங்க" என்று சொல்ல சடையன்தான் வேண்டும். பதினெட்டு வருஷமாக முதுகில் ஸ்பிரேயரைச் சுமந்து கூலிக்கு மருந்தடிக்கிற ஆள். மருந்துக்காரர் வீடு எது என்று கேட்டால் நண்டு சிண்டுகள்கூடக் கை காட்டும்.

இந்தப் பக்கத்தில் எல்லாவற்றுக்கும் மருந்து என்ற ஒரே சொல்தான். பயிருக்கு அடிப்பதும் மருந்து, காய்ச்சலுக்குக் குடிப்பதும் மருந்து, எலிக்கு வைப்பதும் மருந்து. மனசு வெறுத்துப் போனவர்கள் குடித்துவிட்டுப் போய்ச் சேருவதும் அதே மருந்துதான். இத்தனைக்கும் ஒரே பெயரை வைத்துவிட்டு, அப்புறம் ஒரு மனுஷன் குழம்பிப் போனான் என்றால் யாரைப் போய் நோவது?

சடையன் சும்மா மருந்தடித்துவிட்டுக் கூலியை வாங்கிக்கொண்டு போகிறவனும் அல்ல. அடித்த மருந்து முறிய வேண்டும் என்பதில் பிடிவாதக்காரன். வெயிலும் காற்றும் பட்டு நாளாக நாளாக மருந்தின் வேகம் குறைந்து போகும்; அதைத்தான் முறிவது என்பார்கள். ஒன்றுக்கு மூன்று நாள், ஒன்றுக்கு ஏழு நாள், இன்னொன்றுக்குப் பதினைந்து நாள். சந்தையில் விலை ஏறியிருக்கிறது என்று மூன்றாம் நாளே கூடையோடு காட்டில் இறங்குகிறவர்களிடம் மல்லுக்கு நிற்பான். "ஊரான் ஊட்டுப் புள்ளையும் புள்ளதானுங்க, முறியட்டும் பொறுங்க" என்பான். இதனாலேயே இரண்டு மூன்று பேர் அவனை வேலைக்குக் கூப்பிடுவதை நிறுத்திவிட்டார்கள். போனால் போகிறது என்று விட்டுவிட்டான். நல்ல மனுஷன்தான். அதுதான் ஆற்றமாட்டாத விஷயம். கெட்டவன் ஒருத்தன் செய்திருந்தால் நாலு வார்த்தை திட்டிவிட்டு மனசை ஆற்றிக்கொள்ளலாம்.

அவனுக்குக் கல்யாணமாகி ஒன்பது வருஷம் கழித்துப் பிறந்தவள் இலக்கியா. ஏழரை மாதத்திலேயே பிறந்துவிட்டாள். ஒன்றே கால் கிலோ. சேலத்து ஆஸ்பத்திரியில் முப்பத்தொரு நாள் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தாள். அங்கே ஒரு நாள் டாக்டரம்மா சடையனைத் தனியாகக் கூப்பிட்டு விசாரித்தார்.

"என்ன வேலை பாக்கறீங்க?"

"மருந்தடிக்கிறேனுங்க."

"அந்தத் துணியை யார் துவைக்கிறாங்க?"

"என்ற ஊட்டுக்காரிதானுங்க."

"மாசமா இருந்தப்பவுமா?"

"ஆமாங்க."

டாக்டரம்மா அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. சீட்டில் ஏதோ எழுதிக்கொண்டு அடுத்த பெட்டிக்குப் போய்விட்டார். திட்டியிருந்தால்கூடத் தேவலை. அவர் சொல்லாமல் விட்டதை சடையன் தனக்குத்தானே ஆயிரம் தடவை சொல்லிக்கொண்டான். அன்றோடு ஸ்பிரேயர் வீட்டுக்குள் வருவது நின்றது. வேலை முடிந்ததும் யார் காட்டில் இருக்கிறானோ அந்தக் கிணற்றடியிலேயே குளித்து, துணியைத் தானே துவைத்துப் பிழிந்து, வேறு வேட்டி கட்டிக்கொண்டுதான் வீட்டுப் படி ஏறுவான். பொண்டாட்டிக்குப் பயந்து துணி துவைக்கிறார் மருந்துக்காரர் என்று ஊரில் கேலி பேசினார்கள். சிரித்துக்கொண்டே போய்விடுவான். அவன் மனைவி கலைமணிக்கு மட்டும் காரணம் தெரியும். அதைப் பற்றி இருவரும் ஒரு நாளும் வாய்விட்டுப் பேசிக்கொண்டதில்லை.

இரண்டு வயது முடிந்தும் இலக்கியா எட்டுக் கிலோவைத் தாண்டவில்லை. கை காலெல்லாம் குச்சி. வாய் மட்டும் எட்டூருக்குப் பேசும். அப்பனை ஊரார் கூப்பிடுவதைக் கேட்டுக் கேட்டு, "மந்துக்காரே, மந்துக்காரே" என்றுதான் கூப்பிடுவாள். சடையன் "ஏனுங்க சாமி?" என்று எழுந்து நிற்பான். கலைமணிக்குச் சிரிப்புத் தாங்காது.

ஐப்பசி மழை பிடித்திருந்த ஒரு காலையில் அங்கன்வாடியில் எடை போட்டார்கள். நர்ஸ் அக்சிலியா வந்திருந்தார். சேலம் டவுன்காரர், ஸ்கூட்டியில் தினமும் வந்து போகிறவர், மாதாகோயில் பிள்ளை. நாற்பது குழந்தைகளுக்கு எடை போட்டு, உயரம் அளந்து, கைச்சுற்றளவு எடுத்து, போனில் ஏற்றி, மதியத்துக்குள் அடுத்த ஊருக்குப் போயாக வேண்டும். இலக்கியாவைத் தராசில் வைத்துப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். இளைத்துப் போன பிள்ளைகளுக்கென்று டாக்டர் எழுதிக் கொடுத்திருந்த டானிக் பாட்டில்களில் ஒன்றை எடுத்து நீட்டினார்.

"காலையில ஒரு மூடி, சாயந்திரம் ஒரு மூடி. மூணு மாசம் விடாம குடுங்க. இரும்புச்சத்து, வைட்டமின் எல்லாம் இருக்கு. புள்ள நல்லா தேறிடும்."

மூடி என்ற சொல்லே சடையனுக்கு உறுத்தியது. பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அவன் புழங்குகிற பாட்டில்களில் எல்லாம் ஒரு முக்கோணம் போட்டிருக்கும். சிவப்பு என்றால் ஆளைத் தூக்கிவிடும், மஞ்சள் அதற்கு அடுத்தது, பிறகு நீலம், பச்சை. இதில் எந்த முக்கோணமும் இல்லை. பொடிப்பொடியாக இங்கிலீஷ் எழுத்துதான் இருந்தது.

"ஏனுங்க நர்ஸம்மா, இதுல வேற என்னென்ன கலந்திருக்குதுங்க?"

"சர்க்கரை, ஆரஞ்சு வாசனை, அப்புறம் கெடாம இருக்க மருந்து கொஞ்சம்."

"மருந்துங்களா?"

"அது எல்லாத்துலயும் போடறதுதாங்க. ஒண்ணும் பண்ணாது. அடுத்த குழந்தையைத் தூக்கிட்டு வாங்க!"

சடையன் நகர்ந்துவிட்டான். ஆனால் அந்தச் சொல் அவனை விட்டு நகரவில்லை. கெடாமல் இருக்க மருந்து. கெடாமல் என்றால் புழு பூச்சி அண்டாமல். புழு பூச்சி அண்டாது என்றால் அவற்றைக் கொல்கிற ஏதோ ஒன்று அதற்குள் இருக்கிறது. அதை எட்டுக் கிலோப் பிள்ளையின் வாயில் மூடி மூடியாக ஊற்று என்கிறார்கள். அவன் படித்த படிப்பு பதினெட்டு வருஷப் படிப்பு. அதில் இதற்கு வேறு பதில் இல்லை.

நாலு நாள் பாட்டில் அலமாரியிலேயே இருந்தது. கொடுக்கவும் மனசில்லை, எறியவும் மனசில்லை. கலைமணி கத்தினாள்.

"எடை போட மறுபடி வருவாங்க. ஏறலைனா என்னன்னு சொல்லுவீங்க? பக்கத்தூட்டு சித்தார்த்துப் பையன் குடிக்கறான் பாருங்க, கன்னம் எப்படி வெச்சிருக்குது!"

"ஒரு நாள் பொறு அம்மணி. கேட்டுட்டு வாரேன்."

கேட்டது யாரிடம்? ஓமலூரில் பூச்சிமருந்துக் கடை வைத்திருக்கிற நந்தகுமாரிடம். சடையனுக்குத் தெரிந்த மட்டில் இங்கிலீஷில் மருந்துப் பெயர் படிக்கத் தெரிந்தவர் அவர்தான். நந்தகுமார் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார்.

"சோடியம் பென்சோயேட். பிரிசர்வேட்டிவ்னு போட்டிருக்குது சடையா. அட, இதைப் பத்தித்தான் போன வாரம் ஒரு வீடியோ வந்துச்சு, இரு."

வெள்ளைக்கோட்டு போட்ட ஒருவன் போனுக்குள்ளிருந்து கத்தினான். பிள்ளைகளுக்குக் கொடுக்கிற டானிக்கில் விஷம் இருக்கிறது, ஈரலைத் தின்கிறது, உடனே பத்துப் பேருக்கு அனுப்புங்கள் என்றான். எவ்வளவு இருக்கிறது, எவ்வளவு இருந்தால் கெடுதல் என்பதை அவன் சொல்லவே இல்லை. நந்தகுமாரும் கேட்கவில்லை. "என்ற பேரனுக்கு இந்தக் கருமத்தையெல்லாம் வாங்கறதே இல்ல" என்றார். நாலு பக்கமும் சிவப்பு முக்கோணத்தை அடுக்கி வைத்துக்கொண்டு நடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறவருக்கு வந்த அக்கறையைப் பாருங்கள்!

சடையன் வண்டியை உருட்டிக்கொண்டு வந்தான். கொடுத்தால் மருந்து. கொடுக்காவிட்டால் பிள்ளை தேறாது. ஏற்கனவே தன் மருந்துதான் அவளை வயிற்றிலேயே குறுக்கிவிட்டது என்று நம்பிக்கொண்டிருப்பவனுக்கு இரண்டு பக்கமும் நெருப்பாக இருந்தது. பாதி வழியில், தார்ச்சாலை முடிகிற இடத்தில், அந்த யோசனை வந்தது. எந்த மருந்தாக இருந்தால் என்ன? முறிகிற கெடு இல்லாத மருந்து உண்டா? முறிய வைத்துவிட்டுக் கொடுக்கலாமே! இத்தனை நாள் இது ஏன் தோன்றாமல் போயிற்று என்று தன் தலையில் தானே தட்டிக்கொண்டான். இரண்டு வருஷமாக மூடிக்கிடந்த நெஞ்சு அன்றைக்குத்தான் கொஞ்சம் திறந்தது.

எவ்வளவு சுத்தமாகச் செய்தான் என்கிறீர்கள்! எவர்சில்வர் குண்டா ஒன்றைச் சாம்பல் போட்டுத் தேய்த்து வெயிலில் கவிழ்த்தான். டானிக்கை அதில் ஊற்றினான். வேகம் குறையட்டும் என்று, குழாயில் பிடித்து வைத்திருந்த காவிரித் தண்ணீரை அதே அளவுக்குச் சேர்த்துக் கலக்கினான். வாயில் மல் துணியை வேடு கட்டி, ஜன்னலுக்கு மேலே காற்றுப் படுகிற அட்டாலியில் தூக்கி வைத்தான். பல்லி விழக்கூடாது, எறும்பு ஏறக்கூடாது என்று சுற்றிலும் மஞ்சள் தூள் தூவினான். ஏழு நாள் என்று கெடு வைத்தான்.

"இப்படிப் பண்ணலாமுங்களா?" என்று கலைமணி கேட்டாள்.

"மருந்தப் பத்தி எனக்கா சொல்லித் தர்றே?" என்று சிரித்தான். அவளும் சிரித்துவிட்டுப் போனாள். மருந்து விஷயத்தில் அவன் சொல்லுக்கு அந்த ஊரே மறுசொல் சொல்லாது, அவள் என்ன சொல்லப்போகிறாள்?

பக்கத்து வீட்டு சரவணக்குமாருக்கு விஷயம் நாலாம் நாள் தெரிந்தது. லாரிப் பட்டறையில் வெல்டிங் வேலை பார்க்கிறவன். சித்தார்த் அவன் பையன், ஒன்றரை வயது. அவனுக்கும் நந்தகுமார் கடை வீடியோ எப்படியோ வந்து சேர்ந்திருந்தது. "நல்ல ரோசனைண்ணா! நாங்க கொட்டிறலாம்னு இருந்தோம்" என்றவன், அன்றைக்கே தன் மனைவி பிரபாவிடம் சொல்லி அவர்கள் வீட்டிலும் ஒரு குண்டாவுக்கு வேடு கட்ட வைத்துவிட்டான்.

ஏழாம் நாள் சடையன் துணியை அவிழ்த்து மோந்து பார்த்தான். மருந்து நெடி இல்லை. ஆரஞ்சு வாசமும் போய் லேசான புளிப்புதான் மிஞ்சியிருந்தது. வாசம் போனால் மருந்து போயிற்று என்பது காட்டில் அவன் கண்ட கணக்கு. மேலே லேசாக ஆடை மாதிரி படர்ந்திருந்தது. சர்க்கரை உறைந்திருக்கிறது என்று நினைத்து அதைக் கரண்டியால் ஒதுக்கிவிட்டு, கொண்ட மட்டும் பாட்டிலில் திருப்பி ஊற்றிக் கலைமணி கையில் கொடுத்தான்.

"இனிப் பயமில்ல. காத்தால ஒரு மூடி, பொழுதோட ஒரு மூடி."

மூன்றாம் நாள் சாயங்காலம் இலக்கியா வாந்தி எடுத்தாள். அப்புறம் பேதி. நாலு தடவை, ஆறு தடவை, அதற்கு மேல் கலைமணி எண்ணவில்லை. விடிவதற்குள் கண் இரண்டும் குழிக்குள் போய்விட்டது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் தொட்டுப் பார்த்ததும் 108-ஐக் கூப்பிட்டுச் சேலத்துக்கு அனுப்பினார்கள். சரவணக்குமார்தான் துணைக்கு வண்டியில் ஏறினான்.

என்ன கொடுத்தீர்கள் என்று பெரிய ஆஸ்பத்திரியில் கேட்டார்கள். கலைமணி, "எப்பவும் போலச் சோறு, பருப்புத் தண்ணி, அப்பறம் நர்ஸம்மா குடுத்த டானிக்குங்க" என்றாள். அந்த ஒரு வார்த்தை சரவணக்குமாரின் போன் வழியாக ஊருக்குப் போயிற்று. பத்து மணிக்குள் ஊரிலிருந்த அத்தனை டானிக் பாட்டிலும் சாக்கடையில் கவிழ்ந்தது. நந்தகுமார் வேறு ஓமலூரிலிருந்து கிளம்பி வந்து, நான் அன்றைக்கே சொன்னேன் என்று டீக்கடையில் உட்கார்ந்துகொண்டார்.

பாட்டிலைக் கொண்டுவரச் சொல்லியிருந்தார் டாக்டர். கொண்டு வந்தவர் அக்சிலியா. விஷயம் கேள்விப்பட்டதும் சடையன் வீட்டுக்குப் போய், பிரபாவைத் திறக்கச் சொல்லி எடுத்துக்கொண்டு நேரே ஸ்கூட்டியிலேயே சேலம் வந்துவிட்டார். குழந்தைகள் வார்டுக்கு வெளியே படிக்கட்டில் சடையன் உட்கார்ந்திருந்தான். அவர் பாட்டிலைத் திறந்து மோந்து பார்த்தார். பிறகு வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"அண்ணா, இதுல தண்ணி ஊத்தினீங்களா?"

"ஆமாங்க. மருந்து முறிய வெச்சேனுங்க."

"முறியன்னா?"

சடையன் சொன்னான். குண்டா, வேடு, ஏழு நாள், எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னான். சொல்லும்போது அவன் குரலில் இன்னும் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. கவனமாக இருக்கிற தகப்பன் என்று இந்த நர்ஸம்மாவுக்குத் தெரியட்டுமே என்று நினைத்தான். அக்சிலியா அவன் பக்கத்தில் அந்த அழுக்குப் படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"அது பூச்சிமருந்து இல்லண்ணா. டானிக்குல கிருமி வளர்ந்துடக் கூடாதுன்னுதான் அதைச் சேர்க்கறது. குழந்தைக்கு இவ்வளவுதான் போகலாம்னு ஒரு அளவு இருக்கு, அதுக்குள்ளதான் போடுவாங்க. நீங்க தண்ணி கலந்ததும் அதோட பலம் போயிடுச்சு. அப்புறம் அது வெறும் சர்க்கரைத் தண்ணிதான். அதை ஏழு நாள் தொறந்து வெச்சா..."



"அப்ப மருந்து முறிஞ்சுதுங்களா, இல்லீங்களா?" என்று கேட்டான் சடையன்.

"முறிஞ்சிடுச்சுண்ணா. அதனாலதான்."

சடையன் தலையைக் குனிந்துகொண்டான். படியில் ஏறி இறங்குகிறவர்களின் கால்கள் மட்டும் தெரிந்தன.

"டாக்டர்கிட்ட நான் சொல்லிடறேன், அவங்களுக்குத் தெரியணும். ஊர்ல யார்கிட்டயும் நான் வாயத் திறக்கல. குழந்தை பொழைக்கட்டும் முதல்ல" என்றார் அக்சிலியா. எழுந்தவர் நின்று, "அன்னைக்கு நீங்க கேட்டப்ப ரெண்டு நிமிஷம் நின்னு சொல்லிருக்கணும். சொல்லல. தப்பு என் மேலயும் இருக்குண்ணா" என்றார்.

கலைமணியிடம் சொல்ல வேண்டும் என்று இரண்டு முறை வார்டு வாசல் வரைக்கும் போனான். அவள் பிள்ளையின் கால்மாட்டில் உட்கார்ந்து, ஊசி குத்தாத கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். இதை எப்படிச் சொல்வது? கலந்தது இவன் கை, சரி. ஊட்டியது யார் கை? இவன் வாயைத் திறந்தால் அது அவள் தலையிலும் போய் விடியும். திரும்பி வந்து படியிலேயே உட்கார்ந்துகொண்டான்.

ரத்தத்தில் கிருமி ஏறிவிட்டது என்றார்கள். உடம்பில் சக்தி இருக்கிற பிள்ளையாக இருந்தால் தாங்கியிருக்கும் என்றார்கள். மறுநாள் காலை பதினோரு மணிக்கு இலக்கியா போய்விட்டாள்.

ஆஸ்பத்திரியிலிருந்து அமரர் ஊர்தியில் அனுப்பினார்கள். கலைமணி பிள்ளையை மடியில்தான் வைத்துக்கொள்வேன் என்று ஒரே பிடியாக நின்றதால், டிரைவர் வேறு வழியில்லாமல் விட்டுவிட்டார். வழி நெடுக அவள் அழவில்லை. சடையன் அவள் முகத்தைப் பார்க்கவே இல்லை.

ஊர் முக்கில், துணை சுகாதார நிலையத்துக்கு எதிரில், வண்டியை மறித்தார்கள். எழுபது எண்பது பேர் இருக்கும். நடுரோட்டில் கல்லை உருட்டிப் போட்டிருந்தார்கள். நிலையத்தின் கதவு உள்ளே தாழிட்டிருந்தது. வெளியே அக்சிலியாவின் ஸ்கூட்டி கீழே தள்ளப்பட்டுக் கிடந்தது. போலீஸ் வந்துகொண்டிருப்பதாகச் சொன்னார்கள். நந்தகுமார் போனை நீட்டிப் பிடித்தபடி முன்னால் வந்தார்.

"எறங்கு சடையா. அந்தப் பொம்பளைய வேலைய விட்டுத் தூக்கற வரைக்கும் பொணத்த எடுக்கறதில்லன்னு ஊர் முடிவு பண்ணியாச்சு. நீ ஒரு வார்த்தை சொல்லு, போதும். டானிக்னாலதான் புள்ள போச்சுன்னு சொல்லு."

சடையன் இறங்கினான். ஒரு தலையாட்டல் போதும். டானிக்கால்தான் என்பது பொய்கூட இல்லை என்று உள்ளுக்குள் ஏதோ ஒன்று சொல்லிற்று. தலையாட்டினால் இவர்கள் வழி விடுவார்கள், பிள்ளையை வீட்டுக்குக் கொண்டுபோகலாம், கலைமணிக்கு எதுவும் தெரியாமலே போகும். வேலை போனால் அந்த நர்ஸம்மா இன்னொரு வேலை தேடிக்கொள்வார். இப்படியெல்லாம் அந்தக் கண நேரத்தில் நினைத்தான். நினைத்ததோடு நில்லாமல், தலையை ஆட்டவும் செய்தான். கூட்டம் ஓ என்று கத்தியது.

முந்தின நாளே ஊர் திரும்பிவிட்டிருந்த சரவணக்குமார் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்து அவன் கையைப் பிடித்தான். அழுது அழுது அவன் முகம் வீங்கியிருந்தது.

"ஏழு நாள் பத்தாமப் போச்சேண்ணா! நாங்களும் இன்னைக்குத்தான் எறக்கறதா இருந்தோம். நல்லவேளை, தப்பிச்சோம். நீங்களும் பதினஞ்சு நாள் விட்டிருந்தா பாப்பா இருந்திருக்கும். எங்களுது இன்னும் எட்டு நாள் அட்டாலியிலயே கெடக்கட்டும்னு பிரபாகிட்ட சொல்லிட்டேன்."

சடையன் கையை உதறிக்கொண்டான். "ஊர்ல எல்லாரும் கொட்டிட்டாங்களேடா. நீ கொட்டலையா?"

"அவிய எல்லாம் முறிய வெக்காததக் கொட்டுனாங்கண்ணா. எங்களுதுதான் நீங்க சொன்னபடி வெச்சதாச்சே."

"கொட்டுடா அத!" சடையன் போட்ட சத்தத்தில் முன்வரிசை பின்வாங்கியது. "நான்தான் கொன்னேன். கேட்டுக்கங்க எல்லாரும். டானிக் நல்ல டானிக். நான்தான் தண்ணி ஊத்தித் தொறந்து வெச்சுக் கெடுத்தேன். கெடாம இருக்கத்தான் அந்த மருந்து. அத முறிச்சது நானு. நர்ஸம்மா மேல ஒரு தப்பும் இல்ல."

ஒருவரும் நம்பவில்லை. புள்ள போன துக்கத்தில் உளறுகிறான் என்றார் ஒருவர். ஆஸ்பத்திரியில் யாரோ மிரட்டி அனுப்பியிருக்கிறார்கள் என்றார் இன்னொருவர். "மருந்தப் பத்தி உனக்குத் தெரியாதா சடையா? நீயே தப்புப் பண்ணுவியா?" என்றார் நந்தகுமார். ஊரே கேட்டு நடக்கிற வாய்; அது தப்பைச் சொன்னபோது நம்பினார்கள், நிஜத்தைச் சொல்கிறபோது நம்பமாட்டேன் என்கிறார்கள். இந்தக் கொடுமையை எங்கே போய்ச் சொல்ல?

சடையன் கூட்டத்தை விட்டு விலகினான். விறுவிறுவென்று சரவணக்குமார் வீட்டுக்குள் நுழைந்து, அட்டாலியிலிருந்த குண்டாவை இறக்கி, இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு திரும்பி வந்தான். நடுரோட்டில் வைத்து வேடு துணியை உருவினான். மேலே சாம்பல் நிறத்தில் பூசணம் படர்ந்திருந்தது. புளித்த வாடை குப்பென்று வந்தது.

"மோந்து பாருங்க. இதத்தான் என்ற புள்ளைக்குக் குடுத்தேன். நல்லா மோந்து பாருங்க. நந்தகுமாரண்ணா, நீங்களும் வாங்க. இத வீடியோ எடுங்க."

நந்தகுமாரின் கை தானாகத் தாழ்ந்தது. பிரபா இடுப்பிலிருந்த சித்தார்த்தை மார்போடு சேர்த்து இறுக்கிக்கொண்டு வீட்டுக்குள் போய்விட்டாள். சரவணக்குமார் மண்ணில் உட்கார்ந்துவிட்டான். சடையன் குண்டாவைச் சாக்கடையில் கவிழ்த்து, காலால் உதைத்துத் தள்ளினான். யாரோ இரண்டு பேர் ரோட்டில் கிடந்த கல்லை ஓரமாக உருட்டினார்கள். ஸ்கூட்டியை யாரும் நிமிர்த்தவில்லை. உள்ளே தாழிட்ட கதவும் திறக்கவில்லை.

அவன் வண்டிக்குத் திரும்பி வந்தான். பின்கதவு திறந்தேதான் இருந்தது. எல்லாவற்றையும் அவள் கேட்டிருக்க வேண்டும். உள்ளே ஏறி எதிரில் உட்கார்ந்து, இரண்டு நாளில் முதல் முறையாக அவள் முகத்தைப் பார்த்தான். திட்டுவாள், செருப்பைக் கழற்றி அடிப்பாள் என்று காத்திருந்தான். அடித்தால் வாங்கிக்கொள்ளலாம்.

கலைமணி பிள்ளையின் முகத்தை மூடியிருந்த துணியை விலக்கினாள். ஆள்காட்டி விரலையும் கட்டை விரலையும் கொண்டுபோய் அந்தச் சின்ன மூக்கின் மேல் மெதுவாக வைத்தாள்.

"கடைசி ரெண்டு வேளையும் வேண்டாம்னுச்சுங்க. வாயத் தொறக்கவே இல்ல. துப்புச்சு" என்றாள். "நான்தான் மூக்கப் புடிச்சு ஊத்துனேன்."

வண்டியை எடுக்கலாமா என்று டிரைவர் முன்னாலிருந்து கேட்டார்.